துருவ மான் மேய்ச்சலும் குளிர்கால மழையும்: தீவனம் போட்டால் தீர்ந்துவிடுமா?

#1 எழில்நிலா

வடதுருவ வட்டத்தை ஒட்டி வாழும் சாமி (நார்வே, ஸ்வீடன், பின்லாந்து), நெநெட்ஸ் (வட ரஷ்யா) பழங்குடி மக்களைப் பற்றிய செய்திகளில் ‘குளிர்காலத்தில் மழை பெய்து ரெயின்டியர் மான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன’ என்று அடிக்கடி வருகிறது. மைனஸ் 40 டிகிரியைத் தாங்கும் விலங்கை மழை என்ன செய்துவிடும்? அப்படியே மேய்ச்சல் கெட்டுப்போனாலும் லாரியில் தீவனம் கொண்டுபோய்க் கொட்டினால் ஆகாதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 பனிப்படலம்

குளிர் அந்த மானுக்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே காற்று நிரம்பிய மயிர், அதன் அடியில் நெருக்கமான கம்பளி, வெளிவிடும் மூச்சின் சூட்டைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் மூக்கு என்று எல்லாம் இருக்கிறது. சாவது பசியால்.

அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை அதன் முக்கிய உணவு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருயிர்போல வளர்வது. நம் செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். அது பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும். மான் தின்னும் லைக்கன் பைன் காட்டுத் தரையில் வெளிர்சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று விரிந்து கிடக்கும். மாவுச்சத்து நிறைய, புரதமோ இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே நல்ல குளிர்காலத்திலும் மான் இளைத்துக்கொண்டேதான் வரும். கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்து வசந்தம் வரை ஓட்டும். கணக்கு அவ்வளவு இறுக்கமானது.

பனி ஆழமாக இருப்பது மட்டும் பெரிய சிக்கல் இல்லை. அரை மீட்டர் பனிக்கு அடியில் கிடக்கும் லைக்கனையும் மோப்பம் பிடித்து, முன்னங்காலால் குழி தோண்டித் தின்றுவிடும். குளிர்காலத்தில் குளம்பின் நடுமெத்தை சுருங்கிக் கூரான ஓரம் துருத்தி நிற்பது இதற்குத்தான். காற்று கடுங்குளிராகவும் தரை சற்றே சூடாகவும் இருந்தால், அடிப்பனி ஆவியாகி மேலேறி, கீழே ஒன்றோடொன்று ஒட்டாத பருமணிகள் மட்டும் மிஞ்சும். மேய்ப்பவர்கள் விரும்புவது இந்த அடிப்பனியைத்தான். காலால் ஒரு தட்டுத் தட்டினால் சரிந்துவிடும்.

கெடுவது மூன்று விதம்:

- பனி விழுந்த பின் மழை பெய்து, தண்ணீர் அடிவரை இறங்கித் தரையோடு உறைவது. லைக்கன் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டுவிடும். மோப்பமும் வராது, குளம்பும் இறங்காது. படுமோசமானது இதுதான்.
- பனியின் நடுவே உறைந்த அடுக்கு உண்டாவது. மெல்லியதாக இருந்தால் பெரிய மான்கள் உடைத்துவிடும், கன்றுகளால் முடியாது.
- தரை உறைவதற்கு முன்பே ஈரப்பனி கனமாக விழுந்து மூடிவிடுவது. அடியில் பூஞ்சணம் பிடித்துவிடும், தோண்டினாலும் தின்னாது.

எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். மார்ச் மாத மழை என்றால் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். நவம்பரில் பெய்தால் அந்தக் கட்டி வசந்தம் வரை உருகாது, கிட்டத்தட்ட ஆறு மாதம். 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் நடந்தது இதுவே. ஒரு நாள் மழை, பின்னாலேயே கடுங்குளிர். அந்தக் குளிர்காலத்தில் இறந்தவை சுமார் 61,000 மான்கள். அப்போது அங்கே இருந்த மொத்த மான்களே 2,75,000 அளவில்தான். 2006 நவம்பரிலும் இதேபோல் நடந்து சுமார் 20,000 செத்தன.

#3 கார்முகில்

> அந்தக் கட்டி வசந்தம் வரை உருகாது

அடேங்கப்பா. டிராக்டரோ ஜேசிபியோ விட்டு உடைக்க முடியாதா?

#4 வடகாடு

உடைக்கலாம், லைக்கனும் சேர்ந்தே போய்விடும். கட்டியோடு உறைந்திருப்பதைச் சுரண்டினால் வேரற்ற அந்தச் செடி (சரியாகச் சொன்னால் செடியே அல்ல) மொத்தமாகப் பெயர்ந்து வரும். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒருமுறை அழித்தால் மீண்டும் மேய்ச்சலுக்கு ஆக இருபது முப்பது வருடம் பிடிக்கும். தவிர, ஒரு மந்தையின் குளிர்கால மேய்ச்சல் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியிருப்பது. எவ்வளவு என்று உடைப்பது?

மேய்ப்பவர்கள் செய்வது ஏறக்குறைய இந்த வரிசையில்:

முதலில் பார்ப்பது. பனிச்சறுக்குக் கம்பையோ மண்வெட்டியையோ எடுத்துக்கொண்டு மேடு, பள்ளம், அடர்காடு, திறந்தவெளி, சதுப்பின் ஓரம் என்று தனித்தனியாகத் தோண்டுவார்கள். ஒரே மழை இந்த ஐந்து இடத்திலும் ஒரே மாதிரி உறைவதில்லை. அடர்ந்த மரக்கிளைகள் கொஞ்சம் பனியைத் தாங்கிக்கொள்ளும். காற்றடிக்கும் மேட்டில் பனியே மெல்லியதாக இருக்கும். மான் தோண்டிய குழியையும் எட்டிப் பார்க்க வேண்டும். குழியின் அடியில் தரை தெரிந்தால் தின்றிருக்கிறது. பாதியில் நின்று நாலு அடி தள்ளி இன்னொரு குழி, அப்புறம் இன்னொன்று என்று போனால் தேடிக்கொண்டே சக்தியை இழக்கிறது என்று பொருள்.

அடுத்தது இடம் மாற்றுவது. உயரத்தை மாற்றலாம், கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகலாம். உள்ளே போகப்போகக் குளிர் கடுமை, மழை குறைவு. அதுவும் முடியாவிட்டால் பழைய காடு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஸ்ப்ரூஸ், பைன் மரங்களின் கிளைகளில் கறுத்த இழைகளாகத் தொங்கும் லைக்கன் இருக்கும். தரை பூட்டிக்கொண்ட வருடத்தில் மானைக் காப்பாற்றுவது அதுதான். மந்தையைச் சின்னச்சின்னக் கூட்டமாகப் பிரித்து அந்தக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

தீவனம் கடைசி.

மந்தையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விதை நீக்கிய பெரிய கிடாக்கள் முன்பு மந்தையில் நிறைய இருக்கும். கடினப் பனியை உடைத்துத் திறப்பவை அவை; மற்றவை பின்னால் வந்து மேயும். இறைச்சி உற்பத்திதான் அளவுகோல் என்று அரசு மானியமும் ஆலோசனையும் வந்த பிறகு கன்று போடும் பெட்டைகளே மந்தையில் பெரும்பங்கு ஆகிவிட்டன. கிலோக் கணக்கில் லாபம்தான், கட்டி உறைந்த வருடத்தில் விளைவு தெரியும்.

#5 பனிப்படலம்

வடகாடு சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. விதை நீக்காத பெரிய கிடாக்களின் கொம்பு இணைசேரும் பருவம் முடிந்ததும் விழுந்துவிடும். சினைப்பெட்டைக்கோ கன்று போடும் மே மாதம் வரை கொம்பு நிற்கும். குழியில் உரிமை கொண்டாட அது போதும். தன்னைவிடப் பெரிய கிடாவையும் முட்டித் தள்ளிவிட்டுத் தின்னும். தோண்டுவது ஒருவர், தின்பது இன்னொருவர்.

#6 எழில்நிலா

நன்றி. ஆனாலும் தீவனத்தை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள் என்று புரியவில்லை. மாட்டுக்குப் போடுவதில்லையா?

#7 அசைபோடும் வயிறு

அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் இருப்பது ஒரு நுண்ணுயிர்ப் பண்ணை. லைக்கன் தின்னும் மானுக்கு லைக்கனுக்கு ஏற்ற நுண்ணுயிர்கள்தான் இருக்கும். அதிலும் பட்டினி கிடந்த மான் என்றால் பண்ணையே பாதி காலி. அந்த வயிற்றில் திடீரென்று தானியத் தீவன உருண்டைகளைக் கொட்டினால் மாவு வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் ஏறும், வயிற்றுப்போக்கு வரும், படுத்துவிடும். பசியில் சாகாமல் நிறைவயிற்றோடு சாகும்.

முறை இது. மான் மெலிந்து தளர்வதற்கு முன்பே தொடங்க வேண்டும். முதல் சில நாள் சேகரித்து வைத்த லைக்கன் மட்டும், அல்லது லைக்கனோடு இலை நிறைந்த மெல்லிய உலர்புல். தீவன உருண்டையைத் தலைக்கு ஒன்றிரண்டு கைப்பிடியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக நாளொன்றுக்கு 2 கிலோ அளவுக்குக் கொண்டுவரலாம். சாணம் இளகினால் உருண்டையைக் குறைத்து லைக்கனுக்குத் திரும்ப வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள்:

புல். முற்றிய, தண்டு மிகுந்த உலர்புல்லைப் பெருவயிறு நிறையத் தின்னும், ஆனால் மாட்டைப் போல அந்த நாரைச் செரிக்க இயலாது. வயிறு உப்பி, முதுகெலும்பு துருத்தி நிற்கும். பார்ப்பவருக்கு நன்றாகத் தின்கிற மான் மாதிரித்தான் தெரியும். இளம்பருவத்தில் அறுத்த புல்லே ஆகும்.

ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் உறையில் சுற்றிப் புளிக்க வைத்த புல்). உறை கிழிந்து பூஞ்சணம் பிடித்ததைப் போட்டால் லிஸ்டீரியா, கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா நோய்கள் வரும். உறைந்து கல்லாகிப் போனதைத் தின்னவும் முடியாது.

ஈரவயிறு. நெஞ்சடியிலும் கால் இடுக்கிலும் மயிர் நனைந்துகொண்டே இருக்கும். நனைந்த மயிருக்குக் குளிர் தாங்கும் சக்தி கிடையாது. தீவனம் தின்னும் மந்தையில் வரும் இந்தக் கோளாறுக்கு லைக்கனுக்கு மாற்றுவதுதான் முதல் வைத்தியம்.

நெரிசல். தொட்டி ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பெரியவை சுற்றி நிற்கும், கன்று கிட்டவே வராது. நீளமான கோடாகப் பரப்பிப் போட வேண்டும். நாளுக்கு நாள் இடத்தை மாற்றிப் புதுப்பனியின் மேல் போட வேண்டும். ஒரே இடத்தில் சாணமும் தீவனமும் கலந்தால் தொற்று வரும். கண் வீங்கி வெண்படலம் விழும் வைரஸ் நோயும், வாய்ப்புண் அம்மையும் அடைத்துத் தீவனம் போடும் மந்தைகளில்தான் அதிகம். கண் போன மான் அடுத்த வாரம் பள்ளத்தில் கிடக்கும்.

#8 தென்பொதிகை

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ? பின்லாந்தின் தெற்கு மேய்ச்சல் பகுதிகளில் வருடாவருடம் அடைப்பில் வைத்துத் தீவனம் போட்டே வளர்க்கிறார்கள். நன்றாகத்தானே ஓடுகிறது?

#9 அசைபோடும் வயிறு

ஓடுகிறது, மறுக்கவில்லை. அங்கே அது திட்டமிட்ட முறை. முன்குளிரிலேயே தொடங்குவார்கள், அடைப்பு தயார், பக்கத்திலேயே சொந்தப் புல்வயல், வீட்டு வாசலில் மந்தை. மேய்ச்சல் நிலப்பரப்பில் வசிக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் யாரும் பின்லாந்தில் மான் வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் மான் வளர்ப்பு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, சாமி மக்களின் உரிமை. ஆக பின்லாந்தின் தெற்கில் அது பண்ணைத்தொழிலாகவே வளர்ந்தது. மலைக்கும் காட்டுக்கும் நடுவே நடக்கும் மந்தைக்கு ஜனவரி நடுவில் அவசரமாகப் போடும் தீவனத்தைத்தான் நான் சொன்னேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

#10 வடகாடு

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

நார்வேயில் ஃபோசன் தீபகற்பம். ஸ்டோர்ஹெய்யா, ரோவான் என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகள், மொத்தம் 151 காற்றாலைகள். நின்ற இடம் தென்சாமி மக்களின் குளிர்கால மேய்ச்சல் மேடு. மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? மானை அடைத்து வைத்துக் குளிர்காலத்தில் தீவனம் போடுங்கள், அந்தச் செலவுக்குச் சுமார் 9 கோடி குரோனர் இழப்பீடு. எழில்நிலா முதல் பதிவில் கேட்டதே தீர்ப்பாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அதை ஏற்கவில்லை. அடைப்புத் தீவனம் அவர்களுடைய நாடோடி மேய்ச்சல் முறையிலிருந்து விலகிப்போவது, அது எடுபடுமா என்பதும் நிச்சயமில்லை, அதை நம்பி உரிமையைக் கைகழுவ முடியாது என்றார்கள். ஐநாவின் குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு மீறப்பட்டது, உரிமங்கள் செல்லாது என்று தீர்ப்பு.

#11 ஆவணன்

தீர்ப்பு வந்தது, காற்றாலை நிற்கவில்லை. வழக்கு நடக்கும்போதே கட்டி முடித்துவிட்டார்கள் அல்லவா. 2023 பிப்ரவரியில், தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது, இளைஞர்கள் ஓஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்தின் உள்ளேயே உட்கார்ந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் அரசு மன்னிப்புக் கேட்டது. தெற்கு ஃபோசன் குழுவோடு 2023 டிசம்பரிலும், வடக்குக் குழுவோடு 2024 மார்ச்சிலும் உடன்பாடு ஆனது. காற்றாலைகள் தொடரும்; பணத்தோடு கூட வேறிடத்தில் குளிர்கால மேய்ச்சல் நிலம் தேடித் தர வேண்டும். நிலத்துக்குப் பதில் நிலம் என்பதை ஏற்க வைத்ததுதான் அவர்கள் பெற்றது. காலியாகக் கிடக்கும் மேய்ச்சல் நிலம் எங்கே என்று கேட்காதீர்கள்.

#12 வடகாடு

அதைத்தான் சொல்ல வந்தேன். இடம் மாற்றுவது இரண்டாவது வழி என்றேன். மாற்ற இடம் வேண்டுமே.

1852இல் ரஷ்யப் பேரரசு (அப்போது பின்லாந்து அதன்கீழ்) நார்வே எல்லையை மான் மந்தைகளுக்கு மூடியது. நார்வேயின் கவுட்டோகெய்னோ பகுதி மக்களின் குளிர்கால லைக்கன் நிலம் எல்லைக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டது. 1889இல் ஸ்வீடன் வழியாகச் சுற்றிப்போகும் பாதையும் அடைபட்டது. 1919இல் நார்வேயும் ஸ்வீடனும் செய்த ஒப்பந்தத்தால் கோடையில் மேய்த்த நார்வே கடற்கரையை இழந்த வடக்குச் சாமிக் குடும்பங்களை ஸ்வீடன் தெற்கே பெயர்த்து அனுப்பியது. வந்தவர்களுக்கும் ஏற்கெனவே அங்கே மேய்த்தவர்களுக்கும் உண்டான மனத்தாங்கல் பேரன் பேத்திகள் காலத்திலும் தீரவில்லை.

இப்போது காடு. ஸ்வீடனில் லைக்கன் செழித்த காட்டுப் பரப்பு அறுபது ஆண்டுகளில் 71 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மொத்தமாக வெட்டுவது, வெட்டிய பின் நாற்று நடத் தரையை இயந்திரத்தால் கிளறுவது, நெருக்கமாக நட்டு வெளிச்சம் விழாமல் செய்வது, வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லாட்ஜ்போல் பைனை நடுவது எல்லாம் சேர்ந்த பலன். நூறு வயது மரம் போனால் தொங்கும் லைக்கனும் போச்சு. மழை உறைந்த வருடத்துக்கான காப்பீடு அதுதான் என்று மேலே எழுதினேன்.

பிறகு பாதை. வட ஸ்வீடனின் கிருணாவில் சுரங்கம், ரயில், நெடுஞ்சாலை, ஊர் எல்லாம் நெருக்கிய இடைவெளியில்தான் காப்னா என்ற சாமி மேய்ச்சல் சமூகத்தின் மந்தை மலைக்கும் காட்டுக்கும் போய்வருகிறது. 2023 ஜனவரியில் ‘ஐரோப்பாவின் மிகப்பெரிய அருமண் தனிமப் படிவம்’ என்று அறிவித்தார்களே, அது மிச்சமிருக்கும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பாதை அறுந்தால் இரண்டு பக்கமும் மேய்ச்சல் இருந்தும் பயனில்லை.

#13 கார்முகில்

சாமி மக்கள் எல்லோருமே மான் மேய்ப்பவர்களா?

#14 ஆவணன்

இல்லை, பத்தில் ஒருவர் அளவுதான். மீன்பிடி, சிறுவிவசாயம், மற்றபடி ஆசிரியர், பொறியாளர், செவிலியர் என்று எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆனால் நிலத்தின் மீதான சட்ட உரிமை மான் வளர்ப்பைச் சார்ந்தே கட்டப்பட்டுவிட்டதால் வழக்கெல்லாம் அந்தப் பெயரில் வருகிறது. 2020 ஜனவரியில் ஸ்வீடன் உச்ச நீதிமன்றம் கிர்ஜாஸ் என்ற மேய்ச்சல் சமூகத்தின் மலைப்பகுதியில் மற்றவர்களுக்குச் சிறுவேட்டை, மீன்பிடி அனுமதியைக் கொடுக்கும் உரிமை அரசுக்கு இல்லை, சமூகத்துக்கே என்றது. மேய்ச்சல் சமூகங்களில் சேராத சாமி மக்கள் அந்தச் சட்டத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பது தனி இழைக்கான விஷயம்.

#15 தென்பொதிகை

யமாலில் தீவனமே போடவில்லையா?

#16 பனிப்படலம்

எதில் கொண்டுபோவது? நெநெட்ஸ் குடும்பங்கள் வருடம் முழுக்க மந்தையோடு நகர்பவை. தோல் கூடாரம், அதன் கம்புகள், பாத்திரம், குழந்தை எல்லாம் மான் இழுக்கும் சறுக்குவண்டியில். சாலை கிடையாது, சேமிப்புக் கொட்டகை கிடையாது, பல இடத்தில் மரமே கிடையாது; ஆகவே தொங்கும் லைக்கன் என்ற மாற்று வழியும் இல்லை. இன்னொன்று, வண்டி இழுக்கும் மான் செத்தால் மேய்ச்சலுள்ள இடத்துக்கு நகரவே முடியாது. 2013க்குப் பிறகு மந்தையை இழந்த சில குடும்பங்கள் மான் திரும்பப் பெருகும்வரை ஒரே இடத்தில் மீன் பிடித்துப் பிழைத்தன.

அந்த மழைக்குக் காரணம் பாரன்ட்ஸ், காரா கடல்களில் இலையுதிர்காலக் கடற்பனிப் படலம் பின்வாங்கியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். திறந்த கடலின் ஈரம் நேராகத் தீபகற்பத்தின் மேல் வருகிறது. 2016 கோடையில் வேறு வகை அடி: நிரந்தர உறைமண் உருகி ஆந்த்ராக்ஸ் கிளம்பி 2,300க்கு மேல் மான்களும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். மான்களுக்கான தடுப்பூசியை 2007இலேயே நிறுத்தியிருந்தார்கள்.

#17 எழில்நிலா

செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பிறகு மான் இறைச்சியைப் புதைத்தார்கள் என்று படித்த ஞாபகம். அதுவும் லைக்கனால்தானா?

#18 அசைபோடும் வயிறு

ஆமாம். வேர் இல்லாததால் லைக்கன் தனக்கு வேண்டியதை மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கிறது; 1986இல் மழையோடு வந்த சீசியம் 137ஐயும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஸ்வீடன் உணவில் கிலோவுக்கு 300 பெக்கரல் (கதிரியக்க அளவு) என்ற வரம்பை 1987இல் மான், வேட்டை இறைச்சி, நன்னீர் மீன் போன்றவற்றுக்கு 1,500 ஆக்கியது. நார்வே மான் இறைச்சிக்கு 600லிருந்து 6,000 ஆக்கி, 1994இல் 3,000க்கு இறக்கியது.

இங்கே தீவனம் உண்மையிலேயே கைகொடுத்தது. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருடமானாலும், மானின் உடம்பிலிருந்து பாதி வெளியேற இரண்டிலிருந்து நான்கு வாரம் போதும். ஆகவே லைக்கனுக்கு மாறும் முன்பே இலையுதிர்காலத்தில் அறுப்பது, அல்லது அறுப்புக்கு முன் சில வாரம் சுத்தமான தீவனம் போடுவது. நார்வேயில் பிரஷ்ய நீலம் என்ற நிறமி கலந்த உப்புக்கட்டியும், வயிற்றில் தங்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். குடலில் சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியே தள்ளிவிடும். கெடு தெரியும், நாள் குறிக்கலாம், வேண்டிய தலைகளை மட்டும் அடைக்கலாம். அதனால் வேலை செய்தது.

#19 கார்முகில்

கடைசியாக ஒன்று. கட்டி உறைந்த வருடம் மந்தை சிதறினால் பக்கத்து மந்தையோடு கலந்துவிடாதா? எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

#20 வடகாடு

கலந்துவிடும், அந்த வருடத்தின் இரண்டாவது தலைவலி அது. பசித்த மான் கூட்டமாக நிற்காது, தின்னக் கிடைக்கும் திசையில் போய்க்கொண்டே இருக்கும். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை சில தலைகளுக்கு மட்டும் இருக்கும். பட்டை போட்ட பெட்டை எங்கே என்று தெரியும், கூடப் போனவை எத்தனை என்று தெரியாது.

சொத்துரிமை காதில் இருக்கிறது. இரண்டு காதிலும் கத்தியால் வெட்டிய அடையாளம், ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி, குழந்தைக்கும்கூடத் தனியாக இருக்கும். ஸ்வீடனில் சாமி நாடாளுமன்றத்தில் பதிய வேண்டும். கோடையில், வெயில் தணிந்த இரவு நேரத்தில், மந்தையை வேலிக்குள் கொண்டுவந்து கன்றுகளின் கழுத்தில் எண் அட்டை மாட்டி விட்டுவிடுவார்கள். சந்தடி அடங்கியதும் கன்று தாயைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து தொலைநோக்கியால் தாயின் காதையும் கன்றின் எண்ணையும் படித்துக் குறித்துக்கொண்டு, பிறகு சுருக்குக்கயிறு வீசிப் பிடித்துத் தாயின் அடையாளத்தை வெட்டுவார்கள். அவசரப்பட்டு மந்தையை மிரட்டினால் கன்று தவறான பெட்டையின் பின்னால் போகும், அங்கே தொடங்கும் சண்டை.

குளிர்காலத்தில் கலந்ததைப் பிரிப்பது வட்ட வேலியில். நடுவட்டத்தில் ஒரு தடவைக்குச் சில பத்துத் தலைகளை மட்டும் விட்டு ஓட விடுவார்கள். சுற்றிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதவு. ஓடும் மானின் காதைப் படித்து, பிடித்து, உரிய கதவுக்குள் தள்ள வேண்டும். மெலிந்த மந்தையை அதிக நேரம் ஓட விட்டால் மிச்சக் கொழுப்பும் கரைந்துவிடும். அதனால் கட்டி உறைந்த வருடத்தில் பல சமயம் பிரிக்காமலே விட்டுவிட்டு, பக்கத்துச் சமூகத்தோடு பேசி, யார் மான் எங்கே நின்றாலும் தீவனச் செலவைத் தலைக்கணக்கில் பங்கிட்டுக்கொண்டு, வசந்தத்தில் மலையேறும்போது பார்த்துக்கொள்வார்கள்.